ரோமாபுரி அக்கா

கேள்வி கேட்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் இடத்தைவிட்டு அசையாமல் இருக்கிற ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையில் தூக்குவாளியோடு புதிதாக ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னால் போய் ஏறாமல் நேராக என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, இந்த வண்டியில எத்தன பேரு போகலாம்?"

"ஏறுங்கக்கா, எடம் இருக்கு."

"எடம் இருக்கான்னு கேக்கல. எத்தன பேரு போகலாம்னு கேட்டேன்."

பின்னாலிருந்த பெண்கள் நேரமாகிறது என்று முனக ஆரம்பித்தார்கள். நான் ஹாரனை அழுத்தினேன். அவர் நகரவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. வரவேண்டிய பஸ் எப்படியும் வரும் என்று நிற்கிறவரைப் போல நின்றார். கடைசியில், "ஒம்போது" என்றேன்.

"இப்ப எத்தன பேரு இருக்காக?"

"பதினாறு."

"சரி" என்றார். பின்னால் போய்ப் பதினேழாவது ஆளாக ஏறிக்கொண்டார்.

சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் ஏறிக்கொண்டதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அவருக்கும் அன்றைய கூலி வேண்டும். ஆனால் ஏறுவதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களையும் என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் அவை காதில் கேட்டுக்கொண்டே வந்தன.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்னமும் மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஆள் சேர்க்கிற ஏஜென்டுகளுக்குள் ஒருவரின் பெயர் பரவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் எல்லோரும் அவரை ரோமாபுரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பெயரை வைத்தவள் செல்வி. வண்டியில் அவள் வாய்க்குத் தப்பியவர்கள் யாரும் கிடையாது. ஒருநாள் செக்போஸ்ட்டில் லாரிகள் மறித்து நின்றபோது, அக்கா தூக்குவாளிப் பைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். ஜவுளிக்கடைப் பையை வெட்டி அட்டை போட்டிருந்தார்.

"என்னக்கா, மந்திரம் படிக்கிறீகளா?" என்றாள் செல்வி.

"ரோமாபுரிச் சரித்திரம்."

வண்டியிலேயே மூத்தவர் ஆரோக்கியம். கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடையாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க போப்பாண்டவரு இருக்காகளே, அந்த ஊரா?"

"அதே ஊருதான். இது அவுகளுக்கெல்லாம் ரொம்ப முந்தி. அப்ப சாமியே வேற."

"அப்ப அங்கன யாரு இருந்தாக?"

"நம்மள மாதிரி ஆளுகதான். ஒழைச்சுத் தின்ன ஆளுக, ஒழைக்காமத் தின்ன ஆளுக."

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் எம்.ஏ. சரித்திரம் படித்தவர், அதற்கு மேலும் ஏதோ படித்து முடித்தவர், ஒரு தனியார் கல்லூரியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவர் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. சரித்திரப் பாடத்துக்கு இனி இங்கே இடமில்லை என்று ஒருநாள் நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்களாம். "ஏன்?" என்று கேட்டிருக்கிறார். மேலிடத்து முடிவு என்றார்களாம். தாளாளர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த மனிதரே வெளியே வந்து, பிள்ளைகள் யாரும் சேரவில்லை, அந்த அறை கம்ப்யூட்டருக்கு வேண்டியிருக்கிறது என்று உள்ளதைச் சொன்னாராம்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார் அக்கா.

"வேல கேக்கலையா?" என்றாள் செல்வி.

"பிள்ளைக இல்லாம யாருக்குப் பாடம் நடத்த? எனக்கு ஏன்னு தெரியணும். தெரிஞ்சிருச்சு."

அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. சட்டென்று சிரிக்க மாட்டார். யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விடமாட்டார். தோட்டத்தில் காயெடுக்கும்போது பேச்சே கிடையாது. ஏலச்செடியில் காய் தூரோடு ஒட்டித் தரையில் கிடக்கும். குத்தவைத்து நகர்ந்துகொண்டே பறிக்க வேண்டும். அட்டை காலில் ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தாலும் வரிசை முடிந்த பிறகுதான் பிடுங்கிப் போடுவார் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒருத்தி, "யக்கா, நேத்து விட்ட எடத்துல இருந்து சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் கேட்பேன்.

மிளகுக் கதைதான் முதலில் எங்களைப் பிடித்துக்கொண்டது. ரோமாபுரிப் பணக்காரர்களுக்கு மிளகு இல்லாமல் சோறு இறங்காதாம். அதைச் சேர்த்துவைக்கவே அந்த நகரத்தில் தனிக் கிடங்கு இருந்ததாம். பிற்காலத்தில் ஒரு பகைவன் படையோடு வந்து நகரத்தை வளைத்துக்கொண்டபோது, பொன், வெள்ளியோடு மிளகையும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தால்தான் போவேன் என்றானாம். கொடுத்தார்களாம்.

"அம்புட்டு மிளகும் எங்கன இருந்து போச்சு?" என்றார் பொன்னுத்தாய். அவர் எப்போதும் பின்கதவு ஓரமாக உட்காருவார். அதிகம் பேசாத மனுஷி.

"இந்தா, நாம ஏறுறோமே, இந்த மலைத்தொடர்ச்சியிலதான் வெளைஞ்சது. அங்கிட்டு எறக்கி, கப்பல்ல ஏத்தி..."

"பறிச்சது யாரு?"

அக்கா பொன்னுத்தாய் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதத்தான் நானும் பத்து வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். கப்பல்காரனப் பத்தி எழுதி வச்சிருக்காக. வித்தவன், வாங்குனவன், தின்னவன் எல்லாரப் பத்தியும் இருக்கு. பறிச்சது யாருன்னு ஒருத்தரும் எழுதல."

"நம்மள மாதிரி எவளாச்சும்தான் பறிச்சிருப்பா" என்றார் பொன்னுத்தாய். "இதக் கண்டுபிடிக்கவா பத்து வருசம்?"

அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

இன்னொரு நாள், அந்த ஊரில் பெண்களுக்குத் தனியாகப் பெயர் வைக்கிற வழக்கமே பெரும்பாலும் கிடையாது என்று சொன்னார். ஒரு வீட்டில் மூன்று பெண் பிறந்தால் மூன்று பேருக்கும் ஒரே குலப்பெயர்தானாம். பெரியவள், இரண்டாமவள், மூன்றாமவள் என்று சேர்த்துக் கூப்பிடுவார்களாம். "நம்மள வரிச நம்பர் போட்டுக் கூப்பிடுறான்ல சூப்பர்வைசரு, அது மாதிரி" என்று செல்வி சொன்னாள். அன்றைக்குத் தோட்டத்தில் சூப்பர்வைசர் "ஏய், ஆறு!" என்று கத்தியபோது அவள் திரும்பவே இல்லையாம். மூன்று தடவை கத்திவிட்டுக் கிட்டே வந்தவரிடம், "எனக்குச் செல்வின்னு எங்க ஆத்தா பேரு வச்சிருக்கு" என்றாளாம். மாசக் கடைசிக்குள் அந்த ஆள் எல்லோர் பெயரையும் படித்துக்கொண்டார். சாயங்காலம் மலை இறங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்கா மட்டும், "ஆறாம் நம்பர்ன்னா ஆறாம் வரிச. அவருக்கு அது வசதி. இப்ப வசதி இல்லாமக் கூப்பிடுறாரு, அம்புட்டுத்தான்" என்றார்.

மலைக்குப் போய் உட்கார்ந்தவர்களின் கதையை அவர் சொன்னது ஒரு மழை நாளில். மேல் வளைவில் மரம் சாய்ந்து பாதை அடைத்திருந்தது. வெட்டி அகற்றுகிற வரை வண்டிக்குள்ளேயே கிடந்தோம்.

ரோமாபுரியில் பெரிய குடும்பத்துக்காரர்கள் கொஞ்சம் பேர், சாதாரண ஜனம் மிச்சப் பேர். சண்டை என்றால் சாதாரண ஜனம்தான் போகவேண்டும். திரும்பி வந்தால் அவர்களுக்கு நிலமும் இல்லை, நியாயமும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் அத்தனை பேரும் நகரத்தைவிட்டு வெளியேறிப் போய்ப் பக்கத்தில் இருந்த ஒரு குன்றில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. சும்மா உட்கார்ந்தார்கள்.

"சமையலு?" என்றார் ஆரோக்கியம்.

"கொண்டுபோனத வச்சுச் சமாளிச்சிருப்பாக. ஊருக்குள்ள இருந்த பெரியவுகளுக்குத்தான் பயம் வந்துருச்சு. பேசத் தெரிஞ்ச ஒருத்தர அனுப்பி வச்சாக. அவரு வந்து கத சொன்னாரு. கை, கால், வாய், பல்லு எல்லாம் வயித்து மேல கோவிச்சுக்கிட்டு வேல செய்ய மாட்டோம்னுச்சாம். வயித்துக்குச் சோறு போகல. கடைசியில கையும் காலும்தான் தொவண்டு போச்சாம். அதுனால பெரியவுக வயிறு, நீங்க கை காலு, வந்துருங்கன்னாரு."

"அதுக்கு மயங்கிட்டாகளா?" என்று கேட்டார் பொன்னுத்தாய்.

"நல்ல கததான்னு கேட்டாக. கேட்டுட்டு, எங்களுக்குன்னு பேச எங்க ஆளு வேணும்னாக. அத வாங்கிட்டுத்தான் எறங்குனாக. அந்த ஆளு வீட்டுக் கதவு ராவும் பகலும் தெறந்தே கெடக்கணும். யாரு வந்து கூப்பிட்டாலும் போகணும். அவரு மேல ஒருத்தன் கைய வச்சா, அது அம்புட்டுப் பேரு மேலயும் கைய வச்ச மாதிரின்னு சத்தியம் பண்ணிக்கிட்டாக."

"வயிறு மட்டும் என்னத்தப் பெருசாச் செஞ்சு கிழிச்சுச்சு?" என்றாள் செல்வி. மரத்தை வெட்டி முடிக்கிற வரைக்கும் அதைப் பற்றியே பேச்சு.

இனி நான் சொல்லவேண்டியது என்னைப் பற்றியது.

வண்டியின் பின்கதவுக் கொண்டி ஒரு மாதமாகப் பிடிக்காமல் இருந்தது. ஆள் சேர்த்து வண்டி விடுகிற எங்கள் ஏஜென்டிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும், பட்டறையில விடலாம். அதுவரைக்கும் கயிறு கட்டி ஓட்டு" என்றார். நைலான் கயிறு ஒன்றைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் மலை இறங்கும்போது பதினொன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. ஒடித்துத் திருப்பிப் பிரேக் போட்டேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் முன்னால் போய், வண்டி நின்றதும் திரும்பப் பின்கதவில் வந்து மோதினார்கள். கயிறு அறுந்து கதவு திறந்துகொள்ள, பொன்னுத்தாய் ரோட்டில் விழுந்தார். அவர் போட்ட சத்தம் ஒரே ஒரு சத்தம்தான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. செல்வி மடியில் அவர் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தாள்.

போலீஸ்காரர் வருவதற்குள் ஏஜென்டின் போன் வந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். "அந்தம்மா கதவுல சாஞ்சு உக்காந்திருந்தாக. கதவு தொறந்துக்கிருச்சு." எழுதிவிட்டு நிமிர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தா ஓரத்தில் ரோமாபுரி அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது எனக்குப் புதிது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வண்டி நிறைந்துதான் கிளம்பியது. பொன்னுத்தாய் இடத்தில் வேறொரு பெண். முந்தலில், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "தம்பி, கொஞ்சம் நிறுத்து."

நிறுத்தினேன். இறங்கிப் போய் ரோட்டோரத்து மாமரத்தடியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். பின்னால் செல்வி இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக. முழங்கால் வலிக்காரரான ஆரோக்கியமும் இறங்கினார். அன்றைக்குத்தான் புதிதாக வந்த பெண்கூட இறங்கிப் போய் ஓரமாக உட்கார்ந்தாள். முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஆரோக்கியம் வீட்டில் கூடிப் பேசியிருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

ஏஜென்ட் பைக்கில் வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. கண்டபடி கத்தினார். அவர் முடிக்கும்வரை அக்கா பொறுத்திருந்தார்.

"வண்டிக்கு ஒம்போது பேருக்கு மேல ஏத்தக்கூடாது. கதவு, பிரேக்கு எல்லாம் சரியா இருக்கணும். பொன்னுத்தாய் ஆஸ்பத்திரிச் செலவத் தோட்டம் ஏத்துக்கணும். மூணு கேட்டிருக்கோம். ஒங்க பதில் என்ன?"

"நீங்க வரலைன்னா வேற ஆளு இல்லையா?"

"கேட்டதுக்குப் பதில் அது இல்லையே."

வேறு ஆட்களைத் தேடத்தான் செய்தார். ஆனால் மலைக்குப் போகிற எல்லா வண்டியும் அந்த மாமரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்த ஒரு வண்டியிலிருந்தும் பெண்கள் இறங்கிவிட்டார்கள். தோட்டத்தில் காய் பழுத்து நின்றது. நாள் தள்ளினால் வெடித்து வீணாகிவிடும்.

இரண்டாம் நாள் சமாதானம் பேச ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். வெள்ளை வேட்டி, நல்ல குரல். கூடவே ஒரு நாற்காலியும் வந்தது. அதில் உட்கார்ந்து, மாமரத்தை ஒருதடவை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"தாயிகளா, இந்த மரத்தப் பாருங்க. வேரு மண்ணுக்குள்ள கெடக்கு. கண்ணுக்குத் தெரியல. ஆனா தண்ணிய அதுதான் குடுக்குது. மொதலாளி வேரு மாதிரி. நீங்கள்லாம் கெளை. வேரோட கோவிச்சுக்கிட்டா காயப்போறது..."

ஆரோக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. "ஐயா, கோவிச்சுக்கிறாதீக. இத ரோமாபுரியிலேயே சொல்லிட்டாக. அங்கன வயிறுன்னாக, நீங்க இங்கன வேருங்கிறீக."

பெண்கள் மொத்தமாகச் சிரித்துவிட்டார்கள். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு சொன்னது? எந்த ஊரு?" என்று ஏஜென்டைப் பார்த்தார்.

"கத நல்லாத்தான் இருக்கு" என்றாள் செல்வி. "மூணு கேட்டமே, அத முடிச்சுக் குடுத்துட்டு இன்னொரு தடவ சொல்லுங்க, கேப்போம்."

ஏஜென்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "வண்டியில ஒரு கோளாறும் கெடையாது. அந்தம்மா சாஞ்சு விழுந்துச்சு. டிரைவரே எழுதிக் குடுத்திருக்கான், கேட்டுக்கங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டி ஓரத்தில் நின்றிருந்தேன். அக்கா பாறையிலிருந்து எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"தம்பி, கதவுக் கொண்டி நல்லா இருந்துச்சா?"

கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூணாறு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முதல் வளைவில் திரும்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். எனக்கு அந்த வேலையைக் கொடுத்தவரே ஏஜென்ட்தான். எழுதிக் கொடுத்ததை மாற்றிச் சொன்னால் கேஸ் என் தலையில் விழும். அதெல்லாம் தெரிந்துதான் அவர் அவ்வளவு தைரியமாக என்னைக் கைகாட்டினார். அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. எவ்வளவு நேரமானாலும் இருப்பார் என்று மட்டும் தெரிந்தது.

"இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "இல்ல. ஒரு மாசமாப் பிடிக்கல. இவுககிட்டச் சொன்னேன். கயிறு கட்டச் சொன்னாக. கட்டுனேன்."

ஏஜென்ட் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். பெரியவர் நாற்காலியை விட்டுவிட்டே கிளம்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா பக்கத்தில் போய், "மன்னிச்சுருங்கக்கா" என்றேன்.

"என் எலும்பா முறிஞ்சுச்சு? எங்கிட்ட ஏன் கேக்குற?"

அன்றைக்குச் சாயங்காலம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னுத்தாய் மல்லாந்தபடி கிடந்தார், அசைய முடியாமல். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எங்கிட்டச் சொல்லிட்ட. எழுதிக் குடுத்த எடத்துல சொன்னியா?"

"நாளைக்குப் போறேன்த்தா."

"இன்னைக்கே போய்ச் சொல்லுலே."

போனேன். போலீஸ் ஸ்டேஷனில், முதலில் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கேஸ் நடந்தது, லைசென்ஸும் பல மாதம் கையில் இல்லை. இப்போது தேனி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். ஆட்களை ஏற்றி ஓட்டுவதில்லை. ஓட்ட முடியாது என்றில்லை. பின்னால் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பை இனி என்னால் தாங்க முடியாது. பொன்னுத்தாய் நடக்கிறார், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. வழியில் பார்த்தால் "சாப்பிட்டியாலே" என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அதற்கு மேல் கேட்க எனக்கும் உரிமையில்லை.

மூன்றாம் நாள் எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் முந்தலுக்குப் போனேன். பத்து மணிவாக்கில் ஜீப் வந்தது. வேறொரு டிரைவர். பின்கதவில் புதுக் கொண்டி மினுங்கியது. பின்னாலேயே இன்னொரு ஜீப். ஏஜென்ட் இறங்கினார். இரண்டு நாளில் ஆள் இளைத்த மாதிரி இருந்தார்.

"வண்டிக்கு ஒம்போது. ஆஸ்பத்திரிச் செலவு தோட்டத்துது. மேனேஜரு ஒத்துக்கிட்டாரு. போதுமா? ஏறுங்க."

பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டு வண்டியிலும் பிரிந்து ஏறினார்கள். ஆரோக்கியத்தை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். அக்கா கடைசி ஆளாகப் படியில் காலை வைத்தபோது ஏஜென்ட் குறுக்கே கையை நீட்டினார்.

"இந்தம்மா வேணாம். இனிமே என் வண்டி எதுலயும் இவுக ஏறக்கூடாது. அது மொதலாளி சொன்னது."

அக்கா ஏஜென்டின் கையைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவுக்கு அவர் கூலியில்தான் கஞ்சி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் காலைக் கீழே வைத்தார்.

"போங்க" என்றார் பெண்களிடம். "கேட்டது கெடச்சிருச்சுல்ல. நேரமாச்சு, போங்க."

அந்தக் குரலில் வருத்தம் இல்லை. நிஜமாகவே அவர்களைப் போகத்தான் சொன்னார். திரும்பிப் போய் அதே பாறையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போடிக்குத் திரும்புகிற பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். முன்சீட்டில் இருந்த செல்வி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். யாரையும் கூப்பிடவில்லை. போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அடுத்த வண்டியிலிருந்து நான்கு பேர். பிறகு மற்றவர்களும். ஆரோக்கியம் இறங்கத்தான் நேரமானது. ஒரு காலை வைத்து, "ஐயோ ஏசுவே" என்று நின்று, அடுத்த காலை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மெதுவா, மெதுவா" என்று ஏஜென்டே கை நீட்டினார். ஆரோக்கியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். இறங்கிவிட்டு, நடந்துபோய் மற்றவர்களோடு உட்கார்ந்தார்.

"இப்ப என்ன வேணும் ஒங்களுக்கு? கேட்டதெல்லாம் குடுத்தாச்சுல்ல?" என்று கத்தினார் ஏஜென்ட்.

"நாங்க ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார் ஆரோக்கியம். "சும்மா உக்காந்திருக்கோம்."

இரண்டு வண்டிகளும் காலியாக நின்றன. ஏஜென்ட் தள்ளிப் போய் போனில் பேசினார், திரும்பி வந்தார், மறுபடியும் பேசினார். வெயில் ஏறியது. தூக்குவாளிகளைத் திறந்து பெண்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. செல்வி எலுமிச்சை ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். அக்கா மட்டும் சாப்பிடாமல், மூடிய தூக்குவாளி மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் தாண்டி ஏஜென்ட் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "ஏறித் தொலைங்க, எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். அக்காவால் உடனே எழ முடியவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு, செல்வியை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"நான்தான் போகச் சொன்னேன்ல?"

"சொன்னீக" என்றாள் செல்வி, கையை நீட்டி. "நாங்க கேக்கல. வாங்க, ஏறுங்க."